தோற்றதற்கு ஒரு பேனர்

கள்ளக்குறிச்சியில் லோகோ கேட்டு வருகிற யாருக்கும் லோகோ வேண்டாம். பதினோரு வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டி எழில்மதி கண்டுபிடித்த உண்மை இது. "லோகோ ஒண்ணு போட்டுக் குடுமா" என்று வந்து உட்காருவார்கள். பேசப் பேச ஒரு கழுகு வரும், ஒரு உலக உருண்டை வரும், குலதெய்வம் வரும், காலஞ்சென்ற அப்பா வருவார், கைகூப்பியபடி ஓனர் வருவார், எல்லாருக்கும் பின்னால் சூரியன் உதிக்கும். அதையும் விசிட்டிங் கார்டின் மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு அடித்துத் தரச் சொல்வார்கள்.

அவள் அடித்துத் தருவாள். ஆனால் அதற்கு முன்னால் தன் ஆசைக்கு ஒன்று வரைந்து காட்டுவாள். அரிசி ஆலைக்கு ஒரே ஒரு நெல்மணி. பால் சொசைட்டிக்கு ஒரு கொம்பு வளைவு. பார்த்தவர்கள் சிரித்துவிட்டு, "மீதிய எப்பம்மா போடுவ?" என்று கேட்பார்கள். அப்படித் தள்ளுபடியான பதினேழு லோகோக்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தாள். யாராவது அதென்ன என்று கேட்டால், "வேணாம்னு சொன்னதுங்க. எனக்கு வேணும்" என்பாள்.

சேலம் மெயின் ரோட்டில் டயர் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது எழில் கிராபிக்ஸ். முன்னறையில் கம்ப்யூட்டர், பின்னறையில் பிளக்ஸ் அடிக்கும் மிஷின். கம்ப்யூட்டர் அவளுடைய ராஜ்ஜியம், மிஷின் அவள் கணவன் செழியனுடையது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று இந்த மாவட்டத்து நல்லது கெட்டது எல்லாம் அவள் கை வழியாகத்தான் சுவருக்குப் போகும். இங்கே பாதிப் பேரின் மீசையைக் கறுப்பாக்கியவள் அவள்தான். நன்றி சொல்லவேண்டிய காரியம் நடப்பதற்கு முன்பே நன்றி பேனர் ஏறிவிடுவது இந்த ஊர் வழக்கம். தார் போடாத ரோட்டுக்குத் தார் போட்டதற்கு நன்றி என்று எத்தனையோ அடித்திருக்கிறாள். ரோடு இன்னும் வரவில்லை. பேனர் வெயிலில் வெளுத்து, யார் வீட்டுக் கூரையிலோ போர்த்திக் கிடக்கிறது.

நைனார்பாளையத்தில் பிறந்தவள். ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா பழனியும் அம்மா பெரியம்மாளும் அடுத்தவர் காட்டில் கரும்பு வெட்டியவர்கள். வெட்டப் போன காட்டில் கிடக்கும் உரமூட்டைகளின் படங்களைச் சின்ன வயதில் கரியால் தரையில் பார்த்துப் பார்த்து வரைந்ததுதான் அவள் படித்த முதல் டிசைன் பாடம். கம்பெனிப் பேரைப் படிக்கத் தெரியாத அம்மா, மூட்டையில் இருக்கும் குறியை வைத்தே யூரியா எது, பொட்டாஷ் எது என்று சரியாகச் சொல்வாள். படிக்கத் தெரியாதவளுக்கும் புரிய வேண்டும், அதுதான் லோகோ. எழில்மதி இன்றைக்கும் அந்த அளவுகோலை விடவில்லை.

ஓட்டம் பிறகு வந்தது. பத்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு போயிற்று. டாக்டர் நடக்கச் சொன்னார். ஏரிக்கரையில் நடந்தாள், நடை சலித்துப் போய் ஓடினாள். முப்பத்தொரு வயதில் பேண்ட் போட்டுக்கொண்டு ஓடுகிறவளை ஊர் நின்று பார்த்தது. பார்க்க வந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"எதுக்குடி இந்த ஓட்டம்? நாயி எதுனா தொரத்துதா?"

"தொரத்தலம்மா. நின்னாதான் தொரத்தும்" என்றாள் மகள்.

வேகம் கிடையாது. குண்டுக்கும் ஒல்லிக்கும் நடுவிலான உடம்பு, கொஞ்சம் தட்டையான பாதம். ஆனால் நிற்க மாட்டாள். புதுச்சேரியில் பார்வையற்ற பிள்ளைகளின் விடுதிக்காக நாற்பத்திரண்டு கிலோமீட்டர், சென்னையில் ஒரு குழந்தைகள் வார்டுக்காக ஐம்பது என்று ஓடினாள். தூரம் ஓடி, அந்தத் தூரத்தைச் சொல்லி நல்ல காரியத்துக்கு ஆள் சேர்ப்பது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. இரண்டு இடத்திலும் கடைசிப் பத்துப் பேரில் ஒருத்தியாகத்தான் வந்தாள். அதைப் பற்றி யார் கிண்டல் செய்தாலும், "வந்தேனா இல்லியா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைப்பாள்.

போன தை மாதம் பயிற்சிக்காகக் கல்வராயன் மலை ஏறினாள். வெள்ளிமலை தாண்டி ஆவாரங்காடு என்ற மலையூரில் ஒரு உறைவிடப் பள்ளி. நாக்கு வறண்டு போய் அதன் வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். நிர்மலா என்ற ஆசிரியை ஒரு டம்ளரில் பாதி கொண்டு வந்து தந்தார். எழில்மதி ஒரு மடக்கு குடித்தாள். மீதியை, ஓடுகிறவர்கள் எல்லாரும் செய்வது போல, யோசிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

அங்கே நின்றிருந்த இருபது பெண்பிள்ளைகளும் அந்தத் தண்ணீர் மண்ணில் விழுவதைப் பார்த்தார்கள். அவர்கள் கையில் காலிக் குடங்கள் இருந்தன. ஒன்றரை கிலோமீட்டர் கீழே ஓடை ஊற்றுக்குப் போய் எடுத்து வந்தால்தான் அன்றைய சமையல், அன்றைய குளியல், எல்லாம். எழில்மதிக்கு வெட்கத்தில் காது மடல் சுட்டது. அந்தப் பிள்ளைகளோடு ஊற்றுக்குப் போய், ஒரு குடம் சுமந்து வந்து வைத்துவிட்டுத்தான் மலை இறங்கினாள்.

ஊருக்கு வந்ததும் 'மலைக்கு ஓடுவோம்' என்று ஒரு ஓட்டம் அறிவித்தாள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டதில் பள்ளிக்குப் பெரிய தொட்டி வந்தது, பைப் வந்தது, மோட்டார்கூட வந்தது. ஆழ்துளை போர் போட மட்டும் யாரும் சிக்கவில்லை. தண்ணீர் இல்லாத தொட்டி பள்ளி முற்றத்தில் சும்மா நின்றது.

அந்த நேரத்தில்தான் தங்கதுரை கடைக்கு வந்தார். மூன்று போர்வெல் லாரி வைத்திருப்பவர், நிலபுலன் உள்ளவர். அறுபதாம் கல்யாணத்துக்கு முப்பது பேனர் ஆர்டர். எழில்மதி படத்தில் அவர் மீசையைக் கறுப்பாக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னாள். அவரோடு வந்து உட்கார்ந்திருந்த நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ ஓடுற பொண்ணாமே" என்றார் தங்கதுரை. "அணையிலேர்ந்து அந்தப் பள்ளிக்கூடம் போயிட்டுத் திரும்பி வரணும்னா எவ்ளோ தூரம்?"

"அம்பது கிலோமீட்டருங்க."

"சரி. காலைல ஆறு மணிக்குக் கோமுகி அணையில கெளம்பு. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள திரும்பி வந்து நில்லு. போர் என்னோடது. வரலைன்னா இந்த ஓட்டம் கீட்டம் பேச்செல்லாம் வுட்டுட்டு ஒழுங்கா வூட்டு வேலயப் பாரு. இன்னா சொல்ற?"

நாலு பேரும் சிரித்தார்கள். பின்னறையில் மிஷின் சத்தம் நின்றது. செழியன் எட்டிப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

"ரெண்டு மணி" என்றாள் எழில்மதி. "இவங்க நாலு பேரும் சாட்சி."

மாசி கடைசி ஞாயிறு. அணைக்கட்டில் நாற்பது பேர் ஓட வந்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பத்துக் கிலோமீட்டர். முழுத் தூரம் அவள் ஒருத்திக்குத்தான். அங்கேதான் புத்தி கெட்டாள். கூட ஓடிய கல்லூரிப் பையன்களின் வேகத்துக்கு ஏறினாள், எட்டு மணிக்கே பாதி மலை ஏறிவிட்ட சந்தோஷத்தில் தண்ணீர் குடிக்க மறந்தாள். பள்ளிக்கூடத்தைத் தொட்டுத் திரும்பும்போது ஒன்பதரை. எல்லாம் கைக்குள் இருந்தது. இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டு தொடையும் இறுகிப் பிடித்துக்கொண்டது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தவளால் முக்கால் மணி நேரம் எழ முடியவில்லை. ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்த செழியன், "ஏறிடு மதி" என்றான். அவள் முறைத்த முறைப்பில் அவன் ஸ்கூட்டரைப் பத்தடி பின்னால் தள்ளினான். எழுந்து, காலை இழுத்து இழுத்து, வண்டி எதிலும் ஏறாமல் அணைக்கு வந்து சேர்ந்தாள்.

மணி இரண்டு இருபத்திரண்டு.

தங்கதுரை வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். கேலி செய்திருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். அவர் ரொம்பத் தன்மையாக, "பரவால்லமா. பொம்பளப் புள்ள இவ்ளோ தூரம் வந்ததே பெருசு. போயி ரெஸ்ட் எடு" என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரோ ஒருவர் அவளுக்குச் சால்வைகூடப் போர்த்தினார். அந்தச் சால்வையைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது அவளுக்கு. அவ்வளவு கோபம். மலை மேல் இருபது பிள்ளைகள் மறுபடி குடத்தைத் தூக்குவார்கள், இங்கே இவளுக்குச் சால்வை.

மறுநாள் காலை கடைக்கு வந்து உட்கார்ந்தவள், வேறு எந்த வேலையையும் தொடாமல் ஒரு பேனர் போட்டாள். ஆறடிக்கு நாலடி. ஊரில் பல்லாயிரம் முகங்களைப் பேனரில் ஏற்றியவள், தன் முகத்தை ஏற்றியதே கிடையாது. அவள் பெயர் எப்போதும் அடியில், போன் நம்பரோடு, எறும்பு எழுத்தில்தான் இருக்கும். இப்போது அணைக்கட்டில் செழியன் எடுத்த படத்தை எடுத்தாள். வியர்வையில் ஒட்டிய முடி, கறுத்த முகம், உதட்டில் வெடிப்பு. ஒன்றையும் திருத்தவில்லை. பக்கத்தில் பெரிதாக ஒரே சொல்: தோற்றேன். அதன் கீழே: இருபத்திரண்டு நிமிடம் தாமதம். ஆவாரங்காட்டுப் பள்ளிக்கு இன்னும் தண்ணீர் இல்லை. பங்குனி மூன்றாம் ஞாயிறு மறுபடி ஓடுகிறேன். எழில்மதி.

செழியன் படித்துவிட்டு மிஷினில் ஏற்றாமல் நின்றான்.

"உனுக்கு இன்னா பைத்தியமா? தோத்ததுக்கு யாராச்சும் பேனர் வப்பாங்களா?"

"செத்ததுக்கே வக்கிறோம். தோத்ததுக்கு வச்சா இன்னாங்க?"

அவன் போய் மிஷினைப் போட்டான்.

கடைச் சுவரில் ஏறிய பேனரை ஊர் படம் பிடித்தது. பிறந்தநாளுக்கும் ஜெயித்ததற்கும் பேனர் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது புதுசு. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டே நாளில் வாட்ஸப் குரூப்பெல்லாம் 'தோற்றேன்' சுற்றியது. சின்னசேலம் போன தங்கதுரையிடம் யாரோ, "இருபத்திரெண்டு நிமிஷத்துக்காவவா பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி இல்லன்னுட்டீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"அந்தப் பேனர எடுத்துடுமா. ஊரே சிரிக்குது."

"என்னப் பாத்துத்தானே சிரிக்குது? சிரிக்கட்டுங்க."

"என்னயும் பாத்துதான் சிரிக்குது. சரி, வுடு. நீ ஓடவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நானே மனசு எரங்கிப் போட்டுத் தர்றேன். நாளைக்கே அத எடுத்துட்டு என் படத்தப் போட்டு ஒண்ணு அடி. கருணை உள்ளமேன்னு போடு."

சரி என்று ஒரு சொல் சொன்னால் தண்ணீர். அந்தச் சொல் எழில்மதியின் வாய்வரை வந்தது. கருணை உள்ளமே என்று எத்தனை பேனர் அடித்திருக்கிறாள், அதில் எத்தனை உள்ளம் பேனரோடு நின்றுபோயிற்று என்றும் அவளுக்குத் தெரியும்.

"போர் போடுறதுன்னா நாளைக்கே போடுங்க, கும்புடுறேன். பேனர் அங்கியேதான் இருக்கும். நானும் ஓடத்தான் போறேன்."

"தோத்தா ஓட்டத்த வுடணும்னுதான் பேச்சு. சரி, ஓடிப் பாரு. அதே ரெண்டு மணிதான்" என்று போனை டக்கென்று வைத்தார். போர் வண்டி மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மறைக்க மனம் வராமல் நிர்மலாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"உங்க ரோஷத்துக்கு எங்க புள்ளைங்க கொடம் தூக்கணுமா?" என்றார் நிர்மலா.

அந்தக் கேள்வி நியாயமானது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. நாலு தடவை தங்கதுரையின் நம்பரை எடுத்து, நாலு தடவையும் வைத்தாள். போய்க் காலில் விழுந்தால் ஒருவேளை தருவார். ஒருவேளை. தன் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அந்த ஒருவேளையை நம்பித்தான் காட்டோரம் கைகட்டி நின்றார்கள். அவளால் அது ஆகாது. ஓடித்தான் வாங்க வேண்டும், இந்த முறை தவறவிடக் கூடாது. சாயங்காலம் நிர்மலாவுக்குத் திரும்பக் கூப்பிட்டு, "நீங்க கேட்டது சரிதான் டீச்சர். பங்குனி மூணாவது ஞாயிறு வரைக்கும் டைம் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் கடை திறக்கும் முன்பு மலையடிவாரம், கடையில் உட்காராமல் நின்றுகொண்டே டிசைன். கணக்குப் போட்டு உப்பும் தண்ணீரும். யாரோடும் போட்டி இல்லை, யார் வேகமும் தன் வேகம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

பங்குனி வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மணிக்கே தார் சுடத் தொடங்கியது. அணையில் ஓடுகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஜாஸ்தி, பேனர் செய்த வேலை. இந்த முறை பையன்கள் முந்திப் போகட்டும் என்று விட்டாள். மேட்டில் நடந்தாள், சமதளத்தில் மட்டும் ஓடினாள். ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் செழியன் ஸ்கூட்டரை நிறுத்தி உப்புத் தண்ணீர் நீட்டினான். "போதுங்க" என்றால்கூட விடவில்லை.

பள்ளி வாசலுக்கு வந்தபோது பத்து மணி ஐந்து நிமிடம். போன தடவையைவிட அரை மணி நேரம் பின்னால். பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். நிர்மலா முகத்தில் சிரிப்பு இல்லை. கிட்டே வந்து, மெதுவாக, "நேத்தும் ஊத்துல ரெண்டு கொடம்தான் ஊறுச்சு" என்றார். எழில்மதி தலையை ஆட்டினாள். சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

இறக்கத்தில் இடது பெருவிரல் நகம் பெயர்ந்தது. ஷூவுக்குள் பிசுபிசுத்தது. அந்தக் கொண்டை ஊசி வளைவில் தொடை மறுபடி சுண்டியது, அவள் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். வாய்விட்டு, சத்தமாக, ஸ்கூட்டரில் வந்த செழியன் திடுக்கிடும்படி. தங்கதுரையைத் திட்டினாள், சால்வையைத் திட்டினாள், பரவாயில்லை என்று சொன்ன அத்தனை பேரையும் பேர் பேராகத் திட்டினாள். திட்டுகிற தாளத்துக்குக் கால் விழுந்தது. அடிவாரம் வந்து, அணைக்கட்டுக் கரை கண்ணுக்குத் தெரிந்தபோது, "இன்னா மணிங்க?" என்று கேட்டாள். செழியன் ஸ்கூட்டரை முறுக்கினான். "ஓடு" என்று மட்டும் சொன்னான்.

ஒன்று ஐம்பத்தொன்றுக்கு வந்து நின்றாள். கூட்டம் கத்தியது அவள் காதில் சரியாக விழவில்லை. பெரியம்மாள் எங்கிருந்தோ கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து மகளைத் தாங்கித் தரையில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றினாள். ரத்தத்தைப் பார்த்தும் அழவில்லை. முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

தங்கதுரை வந்தார். கையில் வாட்சைப் பார்த்தபடியே வந்தார். சாட்சியாக இருந்த நாலு பேரும் பின்னால் நின்றார்கள். அவர் தோற்ற முகத்தோடு வரவில்லை, சிரித்த முகத்தோடுதான் வந்தார். எத்தனை போன் கேமரா தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்தவர்.

"பேச்சுன்னா பேச்சுதான். போர் என்னோடது" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, "வண்டி இந்த வாரத்துல ஏறும்மா. அதுக்கு முன்னாடி பேனர் ஒண்ணு நாளைக்கே ஏத்திடு. பத்துக்கு இருவது. தண்ணி தந்த வள்ளலேன்னு போடு" என்றார்.

எழில்மதி தரையில் உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. குரல் மட்டும் நன்றாக வந்தது.

"போடுறங்க. நீங்க கேட்ட சைஸ்லயே போடுறேன். தண்ணி வந்த அன்னிக்குப் போடுறேன்."

"அதான் குடுக்குறேன்னு சொல்லிட்டனே. எப்பவும் பேனர்தானம்மா மொதல்ல?"

"இந்த தடவ தண்ணி மொதல்ல."

தங்கதுரையின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

"இன்னாமா இது, என்மேல நம்பிக்க இல்லியா?"

"இல்லீங்க" என்றாள் எழில்மதி.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட அவருக்காகப் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எல்லார் முன்னாலும் தன் லாரி டிரைவரைக் கூப்பிட்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார்.

"சரி, அப்பிடியே திருப்பிக்கினு வா. மலைக்கு. இல்ல, நாளைக்கு இல்ல. இப்பவே."